கேட்டால்தான் வரும் பணம்

உதவித் தொகை பேங்கில் ஏறிவிட்டதாம் என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். நம் தோட்டங்களிலும் கம்பங்களிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் அன்று முழுக்க அதே பேச்சுத்தான். 2012-ல் பிரிம் என்ற பெயரில் குடும்பத்துக்கு 500 வெள்ளி கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறோம். ஆட்சிகள் மாறின, பெயரும் மாறியது. பிரிம் போய் பி.எஸ்.எச். வந்தது, பிறகு பி.பி.ஆர்., பி.கே.எம்.; 2023 முதல் எஸ்.டி.ஆர். பெயர் எதுவானால் என்ன? கொடுப்பதை வாங்கிக் கொள்ள வேண்டியதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் கவலை வேறு. எப்போதாவது வரும் இந்தப் பணத்துக்கு இத்தனை பரபரப்புக் காட்டும் நாம், மாதாமாதம் வரவேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். விதவைக்கு வரவேண்டிய சொக்சோ பென்ஷன், வயதானவருக்கு வரவேண்டிய சமூக நல இலாகா உதவி, வேலை போனவருக்கு வரவேண்டிய காப்புறுதிப் பணம்: இவற்றை யாரும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதில்லை. எந்தத் தலைவரும் மேடையேறி மாதிரிக் காசோலை நீட்டிப் படம் பிடித்துக் கொள்வதுமில்லை. அதனாலேயே இவை நம் ஜனங்கள் காதுக்கு எட்டாமல் போகின்றன.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். நம் வீடுகளில் பசித்த பிள்ளைகள் பல அழாமல் இருக்கின்றன. ஏன் என்பதையும், இனி என்ன செய்யலாம் என்பதையும் இன்று பார்ப்போம்.

கிராணி இல்லாத காலம்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் தமிழர்கள் பாடுபட வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. முதலில் கரும்பு, பிறகு கித்தா, அப்புறம் செம்பனை. கலிடோனியா, பைராம், மலாக்கோப் என்று தோட்டங்களின் பெயரே நம் ஆட்களுக்கு ஊர்ப் பெயராக இருந்தது. அந்த வாழ்க்கை சுகமானதாக இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்று உண்டு. காகித விஷயம் எதுவானாலும் தோட்டத்து ஆப்பீஸ் பார்த்துக் கொண்டது. பிள்ளை பிறந்தால் டிரசர் எழுதிக் கொடுப்பார். சம்பளத்தில் பிடிக்க வேண்டியதைக் கிராணி பிடித்துக் கட்டுவார். தொழிலாளி கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார். போடத் தெரியாதவர் கட்டைவிரல் மை வைத்தார். என்ன காகிதம், எதற்காக என்று அவருக்கும் தெரியாது, சொல்வாரும் இல்லை.

பின்னர் தோட்டங்கள் துண்டு துண்டாய் விலை போயின. தோட்டமாக இருந்த பத்து காவான் இன்று தொழிற்பேட்டை. 2014 மார்ச் 1-ல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம் அங்கேதான் கரை ஏறுகிறது. லயத்தில் இருந்தவர்கள் நிபோங் திபாலுக்கும் சுங்கை பாக்காப்புக்கும் பிறைக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் பாலம் தாண்டி ஜார்ஜ்டவுனுக்கும் சிதறிப் போனார்கள். பால் வெட்டியவர் பாக்டரியில் காவல்காரர் ஆனார். வெளிக்காட்டில் மருந்தடித்தவர் ஆப்பீஸ் கூட்டிப் பெருக்குகிறார். வீடு மாறியது, வேலை மாறியது. ஆனால் காகிதங்களைப் பார்த்துக் கொள்ள ஓர் ஆள் இருந்தாரே, அந்த இடம் மட்டும் காலியாகவே கிடக்கிறது. இன்றைக்கு நமக்குக் கிராணி நாமேதான். இதை உணராத வரையில் நம் பணம் நம் கைக்கு வராது.

முதலில் நம் சொந்தக் காசு

அரசாங்க உதவி என்று நாம் பேசுவதில் பாதி உதவியே இல்லை. நம் சம்பளத்தில் பிடித்த நம் பணம். அதிலிருந்து ஆரம்பிப்போம்.

1969-ல் சட்டமாகி 1971-ல் நடைமுறைக்கு வந்தது தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம். நம் ஆட்கள் வாயில் அது சொக்சோ. இன்று ஆப்பீஸ் பலகையில் பெர்கேசோ. "வேலையில அடிபட்டாத்தான் சொக்சோ" என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இது பெரிய தவறு. வேலை செய்யும் இடத்தில் நடக்கும் விபத்து மட்டுமல்ல, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கும் விபத்தும் அதில் அடங்கும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம்தான் நம்மில் பலருக்குத் தெரியாதது. 60 வயதுக்குள் ஒருவர் தீராத நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், மருத்துவக் குழு அதை ஏற்றுக்கொண்டால், சந்தா நிபந்தனையும் சரியாக இருந்தால், அவருக்கு மாதப் பென்ஷன் உண்டு. சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்தம் செய்கிறவர்களுக்கு அந்தச் செலவிலும் சொக்சோ உதவுகிறது. அந்த வயதுக்குள் ஒருவர் இறந்துவிட்டால், மரணம் எப்படி நேர்ந்திருந்தாலும் சரி, நிபந்தனை நிறைவேறியிருந்தால் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை கிடைக்கும். பட்டப்படிப்பில் இருந்தால் முதல் பட்டம் முடியும்வரை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம். கணவர் பாக்டரியில் பல வருஷம் வேலை பார்த்தவர், வயது 52. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவருக்கு மாரடைப்பு, போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. உறவினர் கொடுத்த மொய்ப் பணத்திலும் கடனிலும் நாட்கள் ஓடுகின்றன. அந்த அம்மா ஊழியர் சேமநிதியை மட்டும் வாங்கிக் கொண்டு, வீடு கழுவும் வேலைக்குப் போகிறார். பெரிய பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகிறான். "வீட்டுலதானே செத்தாரு, சொக்சோ எப்படிக் கொடுப்பான்?" என்று பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி, அந்த ஆப்பீஸ் வாசலையே அவர் மிதிக்கவில்லை. ஆயுள் முழுக்க மாதாமாதம் வரவேண்டிய பணம் ஒரு தவறான வார்த்தையால் வராமல் நின்றது. உங்களுக்குத் தெரிந்த விதவைத் தாய் யாராவது இப்படி இருந்தால், அவர் கணவர் எங்கே வேலை பார்த்தார், சொக்சோ கட்டினாரா என்று இன்றே கேளுங்கள். "அதெல்லாம் பழைய கதை" என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம். முடிகிறதா முடியாதா என்பதை ஆப்பீஸ்காரர் சொல்லட்டும். கேட்பதற்கு 1-300-22-8000 என்ற எண் இருக்கிறது.

வேலை போனவருக்கும் ஒரு வழி உண்டு. 2018 ஜனவரி 1 முதல் சம்பளத்திலிருந்து வேலைக் காப்புறுதிக்கும் கொஞ்சம் பிடிக்கிறார்கள். ஆள்குறைப்புச் செய்தாலோ பாக்டரி மூடினாலோ, புது வேலை தேடும் காலத்தில் சில மாதங்களுக்கு அதிலிருந்து படி கிடைக்கும். தொடங்கியபோது வகுத்த கணக்கின்படி முதல் மாதம் 80 விழுக்காடு. பிறகு படிப்படியாகக் குறையும். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாமாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கிடைக்காது. ஆகவே, "நீயே எழுதிக் குடுத்துட்டுப் போயிடு, அதான் உனக்கு மரியாதை" என்று மேலாளர் நயமாகச் சொல்லும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். அந்த ஒரு கையெழுத்தில் காப்புறுதியும் போகும், ஆள்குறைப்பு இழப்பீடும் போகும். ஒரு வருஷமாவது வேலை பார்த்தவருக்கு 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு வருஷத்துக்குக் கீழ் என்றால் வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருஷம் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள் என்று இழப்பீடு உண்டு. கொடுக்காவிட்டால் லேபர் ஆப்பீஸில் மனுச் செய்யலாம். சங்கத்தில் இருப்பவர்கள் சங்கத்தைக் கூட்டிக் கொண்டு போகலாம்.

ஊழியர் சேமநிதியைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. 1951-ல் தொடங்கிய நிதி அது; நம் தாத்தா காலத்துப் பணம். உங்களுக்குப் பிறகு அது யாருக்கு என்று பெயர் கொடுத்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்தவர், பிறகு மாற்றினாரா? பெயர் கொடுக்காமல் போனவர் வீட்டில் பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் ஆப்பீஸுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற அலைச்சலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கெபாஜிக்கான் வாசல்

இரண்டாவது, சமூக நல இலாகா. கெபாஜிக்கான் ஆப்பீஸ் என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும். பினாங்கின் ஐந்து மாவட்டங்களிலும் அது இருக்கிறது. 60 வயது தாண்டிய, வருமானமில்லாத, பார்த்துக் கொள்ள வசதியான பிள்ளைகள் இல்லாத குடிமக்களுக்கு மாத உதவி உண்டு. 2021-ல் அது 350 வெள்ளியிலிருந்து 500 ஆனது. 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 600 ஆக உயர்த்தப்பட்டது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மாத உதவி உண்டு. அதே வரவு செலவுத் திட்டத்தின்படி 6 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு 250 வெள்ளி, 7 முதல் 18 வயது வரை 200 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு 1,000 வெள்ளிக்கு மேற்படாமல். கணவர் விட்டுப் போய்த் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள் இதைத் தெரிந்து கொள்ள வேண்டும். உடல் ஊனமுற்றவர்களுக்கும், படுத்த படுக்கையாகக் கிடப்பவரை வீட்டிலிருந்து பராமரிப்பவர்களுக்கும் தனித்தனி உதவிகள் உண்டு. ஊனமுற்றவர் முதலில் டாக்டரின் சான்றோடு ஓ.கே.யு. கார்டு எடுத்தாக வேண்டும். கார்டு இல்லாவிட்டால் கதவு திறக்காது.

இங்கே பலர் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார்கள். "பத்து வருஷத்துக்கு முன்ன போனேன், நீ ஏழை இல்லேன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்பவர்கள் உண்டு. அப்போது நாட்டின் வறுமைக்கோடு குடும்பத்துக்கு மாதம் ஏறக்குறைய 1,000 வெள்ளிதான். கூட்டிக் கழித்து 1,100 வெள்ளி சம்பாதித்த குடும்பம்கூட ஏழை அல்ல என்று ஆகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுக் கணக்கில் அந்தக் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள். 2022-ல் அது 2,589 வெள்ளி ஆனது. இது சராசரிக் கணக்கு. குடும்பத்தில் எத்தனை பேர், ஊர் எது என்பதைப் பார்த்துக் கூடும், குறையும். ஆனாலும் அன்றைக்குக் கோட்டுக்கு மேலே இருந்த நீங்கள் இன்றைக்குக் கீழே இருக்கலாம். பழைய பதிலை மனத்தில் வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். மறுபடி போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, இ-காசே பட்டியல். நாட்டிலுள்ள ஏழைக் குடும்பங்களின் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் ஏடு இது. பல உதவிகளுக்கு இந்த ஏட்டைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார்கள். அடையாளக் கார்டைக் காட்டிக் கடையில் அரிசி, முட்டை, எண்ணெய் வாங்க உதவும் சாரா திட்டம் முதலில் இந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்கே கிடைத்தது. 2025 ஏப்ரலில்தான் 54 இலட்சம் பேருக்கு விரிந்தது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று மாவட்ட ஆப்பீஸில் விசாரியுங்கள். பினாங்கு மாநில அரசின் ஐ-செஜாதெரா திட்டத்தில் முதியவர்களுக்கும் தனித்து வாழும் தாய்மார்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் உதவித் தொகை உண்டு. அதைச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் கேட்கலாம். எஸ்.டி.ஆர். வாங்குகிற குடும்பத்தில் 40 வயது தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமுதாயத்தில் இதுவும் பணம்தான்.

தகரப் பெட்டியைத் திறங்கள்

இத்தனை வாசல்கள் இருந்தும் நம் ஆட்கள் திரும்பி வருவது ஏன்? காகிதம் இல்லாததால்தான். எந்த ஆப்பீஸும் ஆளைப் பார்த்துக் கொடுப்பதில்லை; காகிதத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறது.

முதல் காகிதம், கல்யாணப் பதிவு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் எல்லாம் பதியப்பட வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்றுக் கொள்கிறது. அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு, பதியாமல் விட்ட கல்யாணங்கள் எத்தனை! கணவர் உயிரோடு இருக்கும்வரை அது குறையாகத் தெரியாது. அவர் போன பிறகு சொக்சோ ஆப்பீஸில் கல்யாணப் பத்திரம் கேட்பார்கள். தாலியையும் கல்யாணப் போட்டோவையும் காட்டி அழுதால் பிரயோஜனமில்லை. இருவரும் நலமாக இருக்கும்போதே பதிவிலாகாவுக்குப் போய்ப் பதிந்து விடுங்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு பதிவதில் வெட்கம் என்ன?

இரண்டாவது, பிறப்புப் பத்திரமும் குடியுரிமையும். இன்னும் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1957 ஆகஸ்டு 31-லிருந்து 1962 அக்டோபருக்கு முன்வரை மலாயாக் கூட்டரசு மண்ணில் பிறந்தவர், தாய் தகப்பன் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அரசியல் சட்டப்படி இந்நாட்டுக் குடிமகன். அப்படிப் பிறந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. உதவி தேவைப்படும் வயது. அவர்கள் தோட்டத்தில் பிறந்ததற்கான பதிவை முதலில் தேட வேண்டும். பத்திரம் தொலைந்து போனால் பதிவிலாகாவின் ஏட்டில் தேடி நகல் கேட்கலாம். இன்றைய பிள்ளைகளைப் பொறுத்தவரை, பிறந்த 60 நாளுக்குள் பதிந்து விடுங்கள். அதைத் தாண்டினால் விசாரணை, சாட்சி, அலைச்சல். பதியாத பிள்ளை பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கும்.

மூன்றாவது, பெயர்க் குழப்பம். கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாளக் கார்டில் ஒன்று, கல்யாணப் பத்திரத்தில் இன்னொன்று. முனியம்மா மூன்று காகிதத்தில் மூன்று மாதிரி எழுதப்பட்டால், ஆப்பீஸ் பார்வையில் அவர் மூன்று பேர். இதற்குச் சத்தியப் பத்திரம், அதாவது சூராட் சும்பா, எடுத்து வைத்துக் கொள்ளலாம். அவசர நேரத்தில் ஓடாமல், நல்ல நேரத்திலேயே எடுத்து வையுங்கள்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு வேண்டும். எல்லோருடைய அடையாளக் கார்டு நகல், பிறப்புப் பத்திரங்கள், கல்யாணப் பத்திரம், இறந்தவர்களின் மரணப் பத்திரம், பேங்கு புஸ்தகத்தின் முதல் பக்கம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மின்சார பில், டாக்டர் கொடுத்த சீட்டுகள். சம்பளச் சீட்டைக் கசக்கி எறிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள், சொக்சோ பிடித்தார்களா என்பதற்கு அதுதான் சாட்சி. குத்தகைக்காரர் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் ஏமாற்றினால், குற்றம் அவருடையது. அதை நிரூபிக்கிற காகிதம் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

வெட்கமும் தரகரும்

"பாடுபட்டுப் பிழைச்ச குடும்பம், இந்த வயசுல போய்ப் பிச்சை கேக்கறதா?" என்று மறுக்கும் பெரியவர்கள் உண்டு. அந்தத் தன்மானத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆனால் ஐயா, இது பிச்சையல்ல. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், பனியிலும் அட்டைக் கடியிலும் நீங்கள் வெட்டிய பாலில் இந்த நாடு ரோடு போட்டது, பள்ளிக்கூடம் கட்டியது. கடையில் வாங்கும் சாமான் பலவற்றிலும் இன்றும் வரி கட்டுகிறீர்கள். கொடுத்தவர் திரும்ப வாங்குவதில் இழிவு ஏது? பிள்ளைகளும், "எங்கப்பா கெபாஜிக்கான் காசு வாங்கினா எங்களுக்குக் கேவலம்" என்று தடுக்கக் கூடாது. தடுக்கிற பிள்ளை மாதம் 600 வெள்ளி தகப்பன் கையில் கொடுக்கட்டும், அப்புறம் பேசட்டும்.

வெட்கப்படுகிறவர்களை வளைத்துப் பிடிப்பவர்கள் தரகர்கள். "பாரம் நான் நிரப்பித் தர்றேன், அம்பது வெள்ளி குடு, வந்ததும் பாதி குடு" என்று கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். மேலே சொன்ன உதவிகள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அடையாளக் கார்டையும் பேங்கு கார்டையும் இரகசிய எண்ணையும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. வட்டிக்காரரிடம் பேங்கு கார்டை அடகு வைத்து, மாதாமாதம் வரும் உதவிப் பணத்தை அவரே எடுத்துக் கொண்டு மிச்சம் மீதியை வீசி எறிகிற கொடுமையும் நம்மிடையே நடக்கிறது. அப்படி வைத்தவருக்கு உதவிப் பணம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள்

ஒரு தடவை "தக் லூலூஸ்" என்று பதில் வந்தால், தலைவிதி என்று வீட்டுக்குத் திரும்பி விடுகிறோம். காரணம் என்ன என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எஸ்.டி.ஆருக்கு மேல்முறையீடு உண்டு. சொக்சோ முடிவுக்கும் மேல்முறையீடு உண்டு. எல்லா மனுக்களும் தகுதி இல்லாமல் தள்ளப்படுவதில்லை. ஒரு நகல் குறைந்தது, ஓர் எண் தவறியது, செத்துப்போன தகப்பன் பெயர் இன்னும் வீட்டுக் கணக்கில் இருந்தது என்ற மாதிரிக் காரணங்களும் இருக்கும். மனுக் கொடுத்த தேதி, வாங்கிக் கொண்ட அதிகாரியின் பெயர், ரசீது எண் மூன்றையும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். வெறுங்கையோடு போய் "போன மாசம் வந்தேனுங்க" என்பதற்கும், தேதியும் எண்ணும் சொல்லிக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. அவசரமாக ஒரு குடும்பம் பசியில் கிடந்தால், 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

குற்றம் முழுக்க ஜனங்கள் தலையில் போட நாம் தயாராக இல்லை. பிரிட்டனில் வசதி குறைந்த முதியோருக்குப் பென்ஷன் கிரெடிட் என்றோர் உதவி உண்டு. படிப்பு நிறைந்த அந்த நாட்டிலேயே, தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதை வாங்குவதில்லை என்று அந்த அரசாங்கத்தின் கணக்கே சொல்கிறது. ஆகவே கேட்பவருக்கு மட்டும் கொடுப்பேன் என்ற ஏற்பாட்டில் எந்த ஊரிலும் ஏழைதான் விடுபட்டுப் போகிறார். இங்கேயோ பாரங்கள் மலாயில், பலவும் இன்டர்நெட்டில். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்ற 70 வயதுப் பாட்டி கைப்பேசியில் தன் ஏழ்மையைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் நடக்கிற காரியமா? இறந்தவரின் மரணம் பதிவிலாகாவில் பதிவாகிறது. அவர் கட்டிய சந்தா சொக்சோவில் இருக்கிறது. இரண்டும் அரசாங்கக் கணினியில்தானே இருக்கின்றன? "அம்மா, உங்களுக்கு இந்தப் பென்ஷன் இருக்கிறது, வந்து வாங்கிக் கொள்ளுங்கள்" என்று அந்த விதவைக்கு ஒரு கடிதம் போட்டால் என்ன குறைந்து விடும்? வரி பாக்கிக்குத் தேடி வரத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கவும் தேடி வரத் தெரிய வேண்டும். தமிழ் பேசும் ஊழியர்களை மாவட்ட ஆப்பீஸ்களில் அமர்த்துவதும், மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் மிச்சமிருக்கும் தோட்டங்களுக்கும் அதிகாரிகள் மாதம் ஒரு தடவை நேரில் வருவதும் அரசாங்கத்தின் கடமை என்று இதன்வழி வலியுறுத்துகிறோம்.

அதுவரை நாம் கை கட்டிக் கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு கோயில் நிர்வாகமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பின், மண்டபத்தில் ஒரு மேசை போடட்டும். படித்த பிள்ளைகள் இருவர் உட்கார்ந்து பெரியவர்களின் பாரத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிற நம்மால் ஒரு நகல் எடுக்கும் மெஷின் வாங்க முடியாதா? தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் இதைச் செய்யலாம். பல்கலைக்கழகம் போய் வந்த பிள்ளைகளே, உங்கள் படிப்புக்கு லயத்து மண் கொடுத்த கடனில் வட்டியாவது இப்படிக் கட்டுங்கள்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியம் நடக்கட்டும். தகரப் பெட்டியிலுள்ள காகிதங்களை எடுத்து ஒரு கோப்பில் அடுக்குங்கள். கல்யாணம் பதிவாகியிருக்கிறதா, சேமநிதிக்குப் பெயர் கொடுத்தாயிற்றா என்று புருஷன் பெண்சாதி இருவரும் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் அந்த அம்மாவிடம், "உங்களுக்கு மாசம் ஏதாவது வருதாங்க?" என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், ஒரு நாள் லீவு போட்டு ஆப்பீஸுக்குக் கூட்டிக் கொண்டு போங்கள்.